உள்ளங்காலில் ஒரு சுண்டு

நாச்சியாரும் அவளுடைய தம்பி மனைவி குழல்வாய்மொழியும் பேசிக்கொள்வதில்லை. தம்பியின் கல்யாணத்தன்று நாச்சியாரின் புருஷனை இலஞ்சி ஊர்ப் பெண்வீட்டார் இரண்டாம் பந்தியில் உட்கார வைத்துவிட்டார்களாம். அன்று சாப்பிட்டவர்கள், பரிமாறியவர்கள் எல்லோரும் அதை மறந்தாயிற்று. நாச்சியார் மட்டும் மறக்கவில்லை. குழல்வாய்மொழியும் இறங்கி வரவில்லை. இரண்டு பேருக்குமே ரோஷம் ஜாஸ்தி.

அறுபத்திரண்டாம் வருஷம், குற்றாலத்தில் சீசன் களைகட்டியிருந்தபோது, குழல்வாய்மொழிக்கு ஏழாம் மாதத்திலேயே வலி கண்டது. தென்காசியில் ஓர் ஆஸ்பத்திரியில் ஆண் பிள்ளை பிறந்தது. இரண்டு உள்ளங்கைக்குள் அடங்குகிற பிள்ளை. பல்பு போட்டுச் சூடாக்கிய பெட்டிக்குள் கிடத்தி, குழாய் வழியே ஆக்ஸிஜன் விட்டார்கள். குழல்வாய்மொழிக்குத் தாய் இல்லை. வேறு வழியில்லாமல் நாச்சியார்தான் துணைக்கு வந்தாள்.

அதிகம் கொடுத்தால் பிள்ளையின் கண்ணுக்கு ஆகாது என்று டாக்டரம்மா ஆக்ஸிஜனை நிறுத்தினார். உண்மையான பயம் அன்றுதான் ஆரம்பித்தது. நன்றாக மூச்சு விட்டுக்கொண்டிருக்கும் பிள்ளை, திடீரென்று நிறுத்திவிடும். நர்ஸ் ஜெபமலர் அதன் உள்ளங்காலில் விரலால் ஒரு சுண்டு சுண்டினாள். நெஞ்சு மறுபடி ஏறி இறங்கியது.

"குறைமாசப் பிள்ளைல்லா, மூச்சு விட மறந்துருதான். நாமதான் ஞாபகப்படுத்தணும். யாராவது ஒருத்தர் கண்ணெடுக்காமப் பாத்துக்கிட்டே இருங்க. சுண்டியும் அசையலைன்னா என்னையக் கூப்பிடுங்க."

முறை வைத்துப் பார்க்க வேண்டுமென்றால் பேசித்தானே ஆக வேண்டும்? அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தார்கள்.

"ஏலே, உங்க அம்மையக் கஞ்சி குடிக்கச் சொல்லு. நான் பாத்துக்கிடுதேன்" என்பாள் நாச்சியார், பெட்டியைப் பார்த்து.

"ராசா, உங்க அத்தையக் கொஞ்சம் படுக்கச் சொல்லு" என்பாள் குழல்வாய்மொழி, அதே பெட்டியைப் பார்த்து.

மூச்சுக்கே திணறுகிற பிள்ளை இரண்டு பேருக்கும் நடுவே தூது போய்க்கொண்டிருந்தது. ஜெபமலர் சிரிப்பை அடக்கிக்கொண்டு அந்தப் பக்கம் நகர்ந்துவிடுவாள்.

ஒரு மத்தியானம் நாச்சியார் சுவரோரம் கண்ணயர்ந்திருந்தாள். பிள்ளையின் நெஞ்சு நின்றது. குழல்வாய்மொழி சுண்டினாள். அசைவில்லை. இன்னும் ஓங்கிச் சுண்டினாள். உதடு நாவல்பழ நிறத்துக்கு மாறியது.

"ராசா, உங்க அத்தைய..." என்று பழக்கத்தில் வாய் தொடங்கிவிட்டது. யாரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்று உறைத்ததும் சுவர்ப் பக்கம் திரும்பிக் கத்தினாள்.

"மதினி! மதினி, பிள்ளை மூச்சு விட மாட்டேங்கான்!"

நாச்சியார் விழுந்தடித்து எழுந்து ஓடி, ஜெபமலரைக் கையோடு இழுத்து வந்தாள். ஜெபமலர் பிள்ளையின் வாயைத் துடைத்து, மெல்லிய துணியை மேலே போட்டு, தன் வாயை வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஊதினாள். ஒன்றும் நடக்கவில்லை. பெண்கள் இருவரும் ஒருவர் கையை ஒருவர் இறுகப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஜெபமலர் விடாமல் ஊதினாள். கடைசியில் பூனைக்குட்டி போல ஓர் அழுகை கேட்டது.

டாக்டரம்மா வந்து பார்த்துவிட்டு, அளவைக் குறைத்து மறுபடி ஆக்ஸிஜன் வைக்கச் சொன்னார். பிள்ளையின் உதடு சிவந்தது. குழல்வாய்மொழி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ராசா, உங்க அத்தைய உக்காரச் சொல்லு" என்றாள்.

"ஏட்டி, என்ன சொல்லணுமோ என்ட்ட சொல்லு" என்றாள் நாச்சியார். "மூச்சு விடுத வேலையே அவனுக்குப் போதும்."