இரைச்சல் இல்லாத மலை

விறைத்துப்போன காலில் காலுறை ஏறவில்லை. றொஷேல் மெல்ல மெல்ல இழுத்தாள். அப்பா அந்தோனிப்பிள்ளை உயிரோடிருந்தவரை காலுறையே போட்டவரில்லை. செத்த பிறகு, பாவம், மனுசனால் வேண்டாமென்று சொல்ல முடியவில்லை.

தெமோதரையில் அவர்கள் குடியிருந்த தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்துக்கு மேலே, கைவிடப்பட்ட தேயிலை மலையில் ஆன்டெனாக் கம்பிகளை நட்டவள் றொஷேல்தான். எங்கோ இருக்கும் விண்மீன் திரள்களிலிருந்து வரும் மெல்லிய வானொலி அலைகளை அவை பிடிக்கும். வேறு ஏழு நாடுகளில் நட்ட கம்பிகளோடு சேர்ந்தால் எல்லாமே ஒரே பெரிய தொலைநோக்கி. மலிவு லைட், சார்ஜர், போன் எது பக்கத்தில் இருந்தாலும் பதிவில் மின்னிரைச்சல் புகுந்துவிடும். அதனால் காவலுக்கு அப்பாவையே போட்டாள். அவர் வீடு வீடாகப் போய்ச் சண்டை பிடித்தார். மாதா கோயில் திருவிழாவுக்குக்கூட லைட் கட்ட விடவில்லை. மகள் பேரில் அவ்வளவு பெருமை.

இன்று விடியற்காலை அந்தக் கம்பிகளுக்கு நடுவேதான் விழுந்து கிடந்தார். நெஞ்சுவலி.

அம்மா அவர் விரல்களில் செபமாலையைச் சுற்றிக்கொண்டே புலம்பினாள்.

"போனு ஜோப்புலதான் இருந்துச்சு. ஆஃப் பண்ணிக் கெடந்துச்சு. ஒரு கோல் எடுத்திருந்தா ஒங்கண்ணன் ஓடியிருப்பானே. ஏன்டி, அதைப் போடத் தெரியாதவரா அவரு?"

காலையில் றொஷேலுக்கு, இந்த ஆய்வை நடத்தும் பேராசிரியர் செய்தி அனுப்பியிருந்தார். நேற்றிரவுப் பதிவு இதுவரை கிடைத்ததிலேயே சுத்தமாம், இன்றும் தொடர வேண்டுமாம். வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. அப்படி நினைத்ததே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

"அம்மா... நாந்தான் ஆஃப் பண்ணி வைக்கச் சொன்னேன். மேல ஏறுனா எறங்குற வரைக்கும் போடவே கூடாதுன்னு சொல்லியிருந்தேன்."

அம்மாவின் கை அப்படியே நின்றது. வெளியே யாரோ இருமினார்கள்.

அண்ணன் றொனி கதவருகே எட்டிப் பார்த்தான்.

"அம்மா, பொழுது சாஞ்சிருச்சு. ஆளுங்க வந்துக்கிட்டு இருக்காங்க. லைட்டு, ஜெனரேட்டரு எல்லாம் ரெடி. அவரு இருந்தா ஏசுவாருன்னு யாரும் கை வைக்க மாட்டேங்கிறாங்க. தங்கச்சிக்கிட்ட கேட்டுட்டு வரச் சொன்னாங்க."

"அவகிட்ட என்னடா கேக்குறது? போடச் சொல்லு. எல்லாத்தையும் போடச் சொல்லு."

ஜெனரேட்டர் இரண்டு தடவை இருமிவிட்டு ஓடத் தொடங்கியது. லயத்தின் வாசல்கள் ஒவ்வொன்றாக வெளிச்சமாயின. அந்த வெளிச்சத்தில் அம்மா அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மகள் பக்கம் திரும்பவேயில்லை.