இடப்பக்கத்துக் கிண்ணம்

நற்கருணைக் கிண்ணத்தின் விளிம்பை வெள்ளைத் துணியால் துடைத்துவிட்டு ஏசுபாதம் நிமிர்ந்தபோது அவருக்கு முன்னால் யாரும் இல்லை. கீழ்க்கட்டளை சபையில் பீடத்தின் முன்னால் ஜனங்கள் வரிசையாக மண்டியிடுவார்கள். வலப்பாதிக்கு ஆயர் ஆளுக்கொரு மிடறு குடிக்கத் திராட்சை இரசக் கிண்ணம் கொடுப்பார், இடப்பாதிக்குச் சபையார் ஒருவர். அந்த ஒருவர் இத்தனை வருடமும் முன்வரிசைக் குடும்பங்களிலிருந்தே வந்தார். புதிதாக மாற்றலாகி வந்த ஆயர்தான் இந்த ஞாயிறு ஏசுபாதத்தைக் கூப்பிட்டார். ஏசுபாதத்துக்கு ரொம்ப நாள் ஆசை அது. சனிக்கிழமையே அவர் மனைவி புஷ்பலதா வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு, திருப்தியில்லாமல் மறுபடியும் போட்டாள்.

முதல் சுற்றில் புஷ்பலதாவும், ஊருக்குப் புதிதான ஒரு கல்லூரிப் பெண்ணும் இடப்பக்கம் வந்தார்கள். அதோடு சரி. வலப்பக்கம் இடம் கிடைக்காதவர்கள் நடுவழியில் பொறுமையாகக் காத்து நின்றார்கள். யாரும் முகம் சுளிக்கவில்லை, அதுதான் அவருக்கு அலுப்பாக இருந்தது. சண்டைக்கு வந்தாலாவது பதில் சொல்லலாம். ஒருவருக்கு மூட்டுவலி, ஒருவருக்கு ஆயர் கையால் வாங்கித்தான் பழக்கம், சபைச் செயலாளரின் மனைவிக்கு அந்தப் பக்கத்து ஃபேன் காற்று ஆகாது. தனித்தனியாகக் கேட்டால் எல்லாமே உண்மையாகத்தான் இருக்கும். சபையில் சேர்ந்த அன்றும் "பல்லாவரத்துல எந்தத் தெரு?" என்று அன்பாகத்தான் விசாரித்தார்கள். சொன்னதும் விசாரிப்பு நின்றுபோனது. அப்பா தோல் பதனிடும் ஷெட்டில் வேலை பார்த்தார், இவர் வங்கியில் மேலாளர் வரை வந்துவிட்டார். இருந்தும் அந்தத் தெரு இவரை விடுவதாக இல்லை. வரிசை முடியாததால் பாடகர் குழு அதே ஞானப்பாட்டை மறுபடியும் முதலிலிருந்து பாடியது.

ஆராதனை முடிந்து ஏசுபாதமும் ஆயரும் பின்னறைக்கு வந்தார்கள். ஆயரின் கிண்ணம் காலி. இவருடையது அப்படியே இருந்தது. மிஞ்சிய இரசத்தைக் கீழே கொட்டக் கூடாது, கொடுத்தவரே குடித்துத் தீர்க்க வேண்டும் என்பது முறை.

"அண்ணா, தப்பா எடுத்துக்காதீங்க," என்றார் ஆயர். "ஒரே பக்கமா கூட்டம் சேருது, லேட்டாகுதுன்னு செக்ரட்டரி ஃபீல் பண்றாரு. அடுத்த மாசம் நீங்க வேதபாடம் வாசிங்களேன். உங்க குரலுக்கு நல்லாருக்கும்."

"லேட்டானா ஆகட்டும் ஐயா. அடுத்த மாசமும் கிண்ணம் நானே புடிக்கிறேன்."

சொல்லிவிட்டாரே தவிர, ஆசை என்று எதுவும் மிச்சமில்லை. தோள்பட்டை வலித்தது. வீட்டுக்குப் போய்ப் படுத்தால் போதும் என்றிருந்தது. ஆயர் தலையைக் குனிந்துகொண்டு கையை நீட்டினார்.

"குடுங்கண்ணா, பாதி நான் குடிச்சிடறேன்."

"இங்க வேணாம் ஐயா. அங்க, எல்லார் முன்னாடியும் இதுல நீங்க குடிச்சிருக்கணும்."

நீட்டிய கையை ஆயர் மெதுவாக இறக்கினார். ஏசுபாதம் ஒரு மிடறு விழுங்கி மூச்சு வாங்கினார். கதவுக்கு வெளியே செயலாளர் ஒவ்வொருவராகக் கைகுலுக்கி வழியனுப்பிக்கொண்டிருந்தார். கிண்ணத்தில் இன்னும் முக்கால்வாசி இருந்தது.