திரையில் வைத்த கொள்ளி

தம்பி இளங்கோ இறந்துவிட்டான் என்று அவன் மகள் கிருஷாந்திதான் மடுல்கெல்லத் தோட்டத்திலிருந்து போன் செய்தாள். கட்டுக்கலை வீட்டில் தனியாக இருந்த தியாகராஜா, கதிரையில் சாயாமல் நிமிர்ந்து உட்கார்ந்தே கேட்டார்.

"நாளைக்கு எடுக்கிறோம், பெரியப்பா. ஆம்பளப் புள்ள இல்ல, நானே கொள்ளி வைக்கலாமுன்னு இருக்கேன். நீங்க வந்து நின்னா ஊரு பேசாது."

"நம்ம வீட்டுப் பொம்பளைங்க சுடலைக்குப் போனதில்ல. பங்காளி யாரையாச்சும் வைக்கச் சொல்லு."

"பங்காளின்னு நீங்கதானே இருக்கீங்க?"

அவர் போனை வைத்துவிட்டார்.

தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் லயத்து வாழ்க்கையை உள்ளபடி காட்டிய முதல் தொலைக்காட்சி நாடகம் என்று ஊரே கொண்டாடியதில் இளங்கோதான் நாயகன். அதில் தாய் செத்ததும் அவன் கொள்ளி வைத்தான் என்று பலரும் வந்து சொன்னார்கள். தாய்க்குக் கொள்ளி இளையவன் உரிமை. ஆனால் பெற்றவள் உயிரோடு இருக்கும்போது கூலிக்கு ஒருத்திக்கு வைப்பதா? தியாகராஜா அந்த நாடகத்தைப் பார்க்கவே மறுத்துவிட்டார். அடுத்த வருடமே அம்மா கண்ணை மூடினாள். ஈர வேட்டியோடு கை நீட்டி நின்ற தம்பியிடம், "நீதான் ஊரறிய வச்சிட்டியே" என்று சொல்லிவிட்டு இவரே வைத்தார். அவன் நீட்டிய கையை மடக்கிக்கொண்டான். நெருப்பு அடங்கும்வரை தேயிலைச் செடிகளுக்கு நடுவில் தள்ளி நின்றுவிட்டுப் போனான். அதன்பிறகு இருவரும் பேசிக்கொண்டதில்லை.

மாலைச் செய்தியில் அஞ்சலி என்று அந்தக் காட்சியையே போட்டார்கள். அணைக்க எழுந்தவர் எழுந்தபடியே நின்றார். தோளில் குடத்தோடு தம்பி சிதையைச் சுற்றி வந்தான். குடத்தைப் பிடித்திருந்த வலது கையில் பாதிப் பெருவிரல்தான் இருந்தது. சின்ன வயதில் தேயிலைச் செடி கத்தரிக்கும் கவ்வாத்துக் கத்தி வெட்டியது. தோளில் தூக்கிப்போட்டுக்கொண்டு தோட்டத்து டிஸ்பென்சரிக்கு ஓடியவர் இவர்தான். அன்று அழுத அதே அழுகையைத்தான் திரையிலும் அழுதான்.

பிறகு கொள்ளி வைக்கும் வலது கை மட்டும் பெரிதாகத் தெரிந்தது. அதில் பெருவிரல் முழுதாக இருந்தது.

அது தம்பியின் கை அல்ல. வேறு யாரோ வைத்திருக்கிறார்கள். அம்மா உயிரோடு இருக்கையில் நடிப்புக்குக்கூட அவன் வைக்கவில்லை. அதை வாய் திறந்து சொல்லவும் இல்லை. வீம்பு அந்த வீட்டில் மூத்தவனுக்கு மட்டும் வாய்த்ததா என்ன?

செய்தி விளையாட்டுக்குப் போய்விட்டது. "இது அவன் கை இல்ல" என்று அவர் உரக்கவே சொன்னார். கேட்க வீட்டில் யாரும் இல்லை.

போனை எடுத்தார்.

"கிருஷாந்தி, நீயே வை. நான் பக்கத்துல நிக்கிறேன்."



"பொம்பளப் புள்ளைன்னு யாராச்சும் தடுத்தா, பெரியப்பா?"

"எங்கிட்ட வந்து பேசச் சொல்லு."

"வேன் அனுப்பவா?"

"வேணாம். வத்தேகம பஸ்ஸுல வந்துருவேன்."

அலுமாரியிலிருந்து வெள்ளை வேட்டியை எடுத்தார். அம்மாவின் சாவுக்குக் கட்டியது. மடிப்பிலேயே பழுப்பேறியிருந்தது. அன்றிரவே இரண்டு தடவை துவைத்தும் கறை போகவில்லை.