கடல் பார்த்த அறைக்காக எழுதியது

1.

இந்தக் காலத்து ஜனங்கள் எங்கேயும் போவதே இல்லை. போவதற்கு முன்னாலேயே போனில் எல்லாவற்றையும் பார்த்து முடித்துவிடுகிறார்கள். கட்டில் எப்படி, குழாய் எப்படி, காலைச் சாப்பாட்டுக்கு எத்தனை வகை, எல்லாம் தெரிந்துவிடுகிறது. முன்னே பின்னே தெரியாத எவனோ ஐந்து நட்சத்திரம் போட்டிருந்தால் போதும், பணத்தைக் கட்டிவிடுகிறார்கள். அந்த எவனோ ஓட்டல்காரனின் மச்சானாக இருக்கலாமே என்று ஒருத்தனுக்கும் தோன்றுவதில்லை. போய் இறங்கினதும், ஏற்கனவே பார்த்ததையே இன்னொரு தடவை போட்டோ எடுக்கிறார்கள்.

நானும் இப்போது அந்தக் கும்பலில் சேர்ந்துவிட்டேன். அதனால் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை மனசில் ஊறி வந்தது இல்லை. பயண ஆபீஸ் கண்ணாடிக் கதவில் ஒட்டியிருந்த நோட்டீஸிலிருந்து வந்தது. "புதுமணத் தம்பதிகளே! உங்கள் கதையை எழுதுங்கள். சிறந்த கதைக்குத் தீவில் கடல் பார்த்த அறை, கூடுதல் கட்டணமின்றி." ஆயிரத்தைந்நூறு வார்த்தைக்குள் இருக்கணும். சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் பெட்டியில் போடணும்.

புதுமணத் தம்பதி நாங்கள்தான். எனக்கு அறுபத்தேழு, அவளுக்கு அறுபத்தொன்று. கல்யாணம் ஆகி ஒன்பது வாரம். சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்துவிடுங்கள், பின்னால் வேலை இருக்கிறது.

நான் எட்டாவதோடு நிறுத்தினவன். முப்பத்தொரு வருஷம் லாரி எடைமேடையில் உட்கார்ந்திருந்தேன். எழுதினதெல்லாம் வண்டி நம்பரும் கிலோவும்தான். அதனால் எழுதி முடிக்கிற ஒவ்வொரு தாளையும் அவள் வாங்கிப் படித்துவிட்டுத் தருகிறாள். இந்த மாதிரிக் கட்டத்துக்குள் வருவது அவள் கையெழுத்து. [பொய் இருந்தால் மட்டும்தான் எழுதுவேன் என்று சொல்லியிருக்கிறேன்.]

பார்த்தீர்களா? இதில் என்ன பொய் இருந்தது?

2.

முதல் ஆரம்பம்:

"நீலக் கடலோரம், வெள்ளை மணலில், இருபத்தெட்டு வயது வாலிபன் ஒருவன் தன் காதலியின் மெல்லிய கையைப் பிடித்து"

[யாரு அவ?]

நிறுத்திவிட்டேன்.

இரண்டாவது ஆரம்பம்: "அலைகள் கரையைத் தழுவும் அந்த"

அந்த அலையை நான் பார்த்ததில்லை. பார்க்காத சரக்குக்கு ரசீது போட்டுப் பழக்கமில்லை.

மூன்றாவது: "அவள் என் இடுப்பை நம்பவில்லை."

இது உண்மை. இதையே வைத்துக்கொள்கிறேன்.

3.

அவள் தையல்காரி. எங்கள் எடைமேடைக் கம்பெனிக்கு யூனிபார்ம் தைக்கும் வேலை அவளுக்குப் போனது. எல்லோரும் அளவை எழுதிக் கொடுக்கணும். நான் இடுப்பு முப்பத்திநாலு என்று எழுதிக் கொடுத்தேன். வாங்கப் போனால் முப்பத்தாறு தைத்து வைத்திருக்கிறாள்.

"முப்பத்திநாலுன்னுதானே எழுதிக் கொடுத்தேன்?"

"போட்டுப் பாருங்க."

"அப்புறம் எழுதிக் கொடுத்தது எதுக்கு?"

"ஆம்பளைங்க எழுதிக் கொடுக்கிற இடுப்பெல்லாம் கல்யாணத்தன்னிக்கு இருந்த இடுப்பு. நீங்க படி ஏறும்போதே பாத்துட்டேன். போட்டுட்டு வந்து பேசுங்க."

போட்டேன். கச்சிதமாக இருந்தது. அதுதான் கோபம்.

லாரிக்காரன் சொல்கிற எடையை நம்பாமலே பிழைத்தவன் நான். நான் சொன்ன அளவை நம்பாத முதல் ஆள் அவள். வீடு போய்ச் சேருகிறவரைக்கும் முணுமுணுத்துக்கொண்டே போனேன். அடுத்த வாரம் சட்டைத் துணி ஒன்று எடுத்துக்கொண்டு மறுபடி போனேன். [மூணு துணி. மூணு தடவை. ஒரே வாரத்துல.]

என் முதல் மனைவி போய்ப் பதினொரு வருஷம். தையல்காரியின் வீட்டுக்காரர் போய் எட்டு. இரண்டு வருஷம் சட்டை தைத்தாள். இதற்கு மேல் சட்டை வைக்க அலமாரியில் இடமில்லை என்று ஆனதும் கேட்டேன். "யோசிச்சுச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு, மெஷினை மூன்று மிதி மிதித்தாள். நிறுத்தினாள். "யோசிச்சுட்டேன்" என்றாள்.

இதை எழுதும்போது இரண்டு தடவை பேனாவைக் கீழே வைத்து எடுத்தேன். வயசு என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

4.

தீவு அவள் ஆசை. பணம் இரண்டு பேரும் பாதிப் பாதி, மொத்தம் ஒன்றரை லட்சம். பிள்ளைகளிடம் வாங்கக்கூடாது, கடன் கூடாது, ஒருத்தர் மற்றவரைவிட ஒரு காசு அதிகம் போடக்கூடாது. கடைசிச் சட்டம் அவள் போட்டது. "நீங்க அதிகம் போட்டா அது உங்க பயணம் ஆயிடும். நான் கூட வந்த ஆளு ஆயிடுவேன்."

அந்த ஒன்றரை லட்சத்தில் விமானம், சாப்பாடு, படகுச் சவாரி எல்லாம் அடங்கிவிடுகிறது. அறை மட்டும் பின்பக்க அறை. கடல் பார்த்த அறைக்கு இன்னும் பதினெட்டாயிரம் வேண்டும்.

அவளுக்கு ஏன் கடல் என்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இந்தக் கதையில் ஒன்றுமே இல்லை. அவள் தையல் மெஷின் சுவரைப் பார்த்துப் போட்டிருக்கிறது. பல்பு அந்தப் பக்கம். முப்பத்தைந்து வருஷமாக அவள் கண்ணுக்கு முன்னால் இருந்தது ஊசி, ஊசிக்குப் பின்னால் ஒரு முழம் தள்ளிச் சுவர்.

"காலைல கண்ணு முழிச்சதும் தூரமா ஒன்னப் பாக்கணும்" என்றாள். "பார்வை போய்க்கிட்டே இருக்கணும். எதுலயும் முட்டக் கூடாது. அஞ்சு நாள் போதும்."

நான் என் தொழில் கணக்கைப் போட்டேன். மொத்த எடையில் வண்டி எடையைக் கழித்தால்தான் சரக்கு. ஐந்து நாள் என்றால் நூற்றிருபது மணி நேரம். போக ஒரு நாள், வர ஒரு நாள் கழி. தூக்கம், குளியல், சாப்பாடு, உச்சி வெயில் கழி. மிச்சம் இருபத்தேழு மணி நேரக் கடல்.

"இருபத்தேழு மணி நேரக் கடலுக்கு ஒன்றரை லட்சமா?" என்றேன்.

"ரூம்லருந்தே தெரிஞ்சா வெயில்லயும் பாப்பேன், சாப்பிட்டுக்கிட்டும் பாப்பேன், தலை துவட்டிக்கிட்டும் பாப்பேன். அதையெல்லாம் ஏன் கழிக்கிறீங்க, எடைக்காரரே?"

கணக்கில் என்னை மடக்கிவிட்டாள். அன்றைக்கே நோட்டு வாங்கி எழுத உட்கார்ந்தேன்.

5.

இங்கே ஒரு வில்லன் வேண்டும். கதை என்றால் ஏமாற்றுகிறவன் ஒருத்தன் இருக்கணும். பயண ஆபீஸில் இருக்கிற பெண்ணைத்தான் அதற்கு வைத்திருந்தேன். எதைக் கேட்டாலும் "சரிங்க சார்" என்பாள். அதையே அவளுக்குப் பெயராக வைத்துவிட்டேன். முதல் தாளில் இப்படி எழுதினேன்: "சரிங்க-சாரின் சிரிப்புக்குள் ஒரு கத்தி"

[அந்தப் பொண்ணு உங்களுக்கு டீ வாங்கிக் கொடுத்திச்சு.]

டீ கொடுத்தால் நல்லவளா? நானும் விடவில்லை. மற்ற எல்லா அறைப் படத்திலும் ஜன்னல் திரை திறந்திருந்தது, பின்பக்க அறைப் படத்தில் மட்டும் மூடியிருந்தது. திரையை மூடிப் படம் எடுத்தால் வெளியே என்னவோ இருக்கிறது என்று அர்த்தம்.

"இந்த ஜன்னலுக்கு வெளிய என்னம்மா இருக்கு?"

சரிங்க-சார் அங்கேயே போன் போட்டாள். பேசி முடித்துவிட்டு என் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்: "ஜெனரேட்டர் ஷெட் சார்."

"மறைக்காம சொல்றியே?"

"நீங்க கேட்டீங்களே சார். இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல." அப்புறம் கதவைக் காட்டினாள். "அந்த நோட்டீஸ் பாத்தீங்களா? நீங்களும் புதுமணத் தம்பதிதானே?"

"கிண்டலா?"

"ரூல்ல வயசே போடல சார்."

ஆக, வில்லன் கிடைக்கவில்லை. காரணமில்லாமல் நல்லது செய்கிறவர்களை எனக்கு இன்னும் அதிகச் சந்தேகம். ஆனால் ஆதாரம் இல்லாமல் எழுதினால் என் சம்சாரம் கட்டம் போட்டுவிடுவாள். விட்டுவிட்டேன்.

6.

வேகமாக எழுதப்போகிறேன், ஏனென்றால் இது நல்ல இடம்.

தீவுக்குக் கடைசிக் கட்டம் சின்ன விமானம், பத்துப் பேர்தான் போகலாம். அதற்கான படிவத்தில் பயணியின் எடை, பெட்டியின் எடை என்று கேட்டிருந்தது. எடை! என்னிடமா கேட்கிறான்! அறுபது டன் மேடை இருக்கும்போது மருந்துக்கடை மெஷின் எதற்கு? வியாழக்கிழமை காலை பெட்டி இரண்டையும் கட்டி, அவளையும் அழைத்துக்கொண்டு என் பழைய எடைமேடைக்குப் போனேன். அவள் எனக்குத் தைத்த பூப்போட்ட அரைக்கால் சட்டையும் போட்டிருந்தேன். ஓட்டல் சாப்பாட்டுக்கென்று இடுப்பில் ஒரு இன்ச் விட்டுத் தைத்திருந்தாள்.

இப்போது அங்கே உட்கார்ந்திருக்கிறவனை எல்லோரும் ரசீது என்றுதான் கூப்பிடுவார்கள். நாற்பத்தைந்து வயசு, நல்ல தொப்பை. என் கால்சட்டையைப் பார்த்துவிட்டு எழுந்து நின்றுவிட்டான்.

"அண்ணே, என்னண்ணே இது?"

"கேள்வி கேக்காத. எடை போடு."

பெட்டிகளை ஓரத்தில் வைத்துவிட்டு நாங்கள் இரண்டு பேரும் மேடை நடுவில் போய் நின்றோம். பின்னால் நான்கு லாரி. முதல் லாரிக்காரன் தலையை வெளியே நீட்டினான்.

"பெரியவரே, என்ன லோடு?"

"ஹனிமூன் லோடு!" சொன்னது நான் இல்லை. அவள். லாரிக்காரன் ஹாரனை அழுத்தினான், பின்னால் இருந்த மூன்று பேரும் சேர்ந்து அழுத்தினார்கள்.

பலகையில் எண் வந்தது: 140.

"இப்போ ஒரு பெட்டிய எடுத்து வை" என்றேன். வைத்தாள்.

140.

எடுத்தாள், வைத்தாள். 140. பெட்டியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு ஒரு குதி குதித்தாள். 140.

"அண்ணே" என்றான் ரசீது, மெதுவாக. "இது இருபது இருபதாத்தானே தாவும். நடுவுல இருக்கறது அதுக்குத் தெரியாதே. நீங்க சொல்லிக் கொடுத்ததுதான்."

முப்பத்தொரு வருஷம் தெரிந்த விஷயம். அன்றைக்கு மறந்துபோச்சு. ஏன் மறந்தது? குஷி. அந்த வார்த்தையை எழுதிவிட்டேன், அடிக்கமாட்டேன்.

அவள் பெட்டி மேலேயே உட்கார்ந்து சிரித்தாள். "அளவு ரெண்டு நூல் தப்பினா மொத்தத் தையலையும் பிரிச்சவ நான். இங்க பதினாலு கிலோப் பெட்டியே காணாமப் போகுது, கேக்க ஆளில்ல. நல்ல வேலை பாத்திருக்கீங்க போங்க!"

இருந்தாலும் ரசீது ரசீது போட்டான். "வண்டி நம்பர் என்னன்னு போட?" என்றான்.

"புது வண்டி" என்றாள் அவள். "நம்பர் இன்னும் வரலன்னு போடுங்க."

அப்படியே அச்சடித்துக் கொடுத்தான். இந்தக் கதையோடு குண்டூசி குத்தி வைத்திருக்கிறேன். சரியான எடையை மருந்துக்கடையில் ஒரு காசு போட்டுப் பார்த்தோம். நான் அறுபத்தெட்டு. அவள் [எழுதக் கூடாது.]

7.

இப்போது முடிவு. மூன்று வைத்திருந்தேன்.

ஒன்று: கதை ஜெயிக்கிறது. அவள் திரையை விலக்குகிறாள், கடல். [நல்லா இருக்கு. ஆனா நடக்கலையே இன்னும்.]

இரண்டு: தோற்கிறது. அவள் திரையை விலக்குகிறாள், ஜெனரேட்டர் ஷெட். "பரவாயில்ல" என்கிறாள். அந்தப் "பரவாயில்ல" எனக்குத் தெரியும். பில்லில் பாதியைக் குறைத்துக் கொடுத்த வாடிக்கைக்காரர்களிடம் அவள் சொல்கிற "பரவாயில்ல" அது. அதை என் காதில் கேட்க நான் தயாராக இல்லை.

மூன்று: பதினெட்டாயிரத்தை நான் ரகசியமாகக் கட்டிவிடுகிறேன். "கதை ஜெயிச்சிடுச்சு" என்று அவளிடம் சொல்லிவிடுகிறேன். உண்மையில் போன திங்கட்கிழமை இதைத்தான் செய்யப் போனேன். பணம் சட்டைப்பையில் இருந்தது. சரிங்க-சார் ரசீதுப் புத்தகத்தை எடுத்துவிட்டாள்.

[நினைச்சேன்.]

கட்டவில்லை. திரும்பி வந்துவிட்டேன். நான் சொன்ன அளவை நம்பாதவளைக் கட்டிக்கொண்டு, அவளிடம் தப்பான அளவு சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இங்கே எழுதியும் விட்டேன், அவள் படித்தும் விட்டாள். இனி அந்த முடிவு செத்தது.

[படிச்சேன். அந்தப் பணத்துல உங்களுக்கு நல்லதா ஒரு செருப்பு வாங்குங்க.]

8.

இந்தத் தாளை அவள் படிக்கவில்லை. பயண ஆபீஸ் மேஜையில் நின்றுகொண்டு, நூலில் கட்டிப்போட்ட பேனாவால் எழுதுகிறேன். மணி ஐந்தடிக்கப் பத்து நிமிஷம். சரிங்க-சார் கடிகாரத்தைப் பார்க்கிறாள்.

கதை போடுகிற பெட்டியைப் பார்த்தேன். பூட்டு இருக்கிறது. ஆனால் வாய் இவ்வளவு அகலம், ஒரு கையே உள்ளே போகும். சாவி யாரிடம் என்று கேட்டேன், மேனேஜரிடமாம். மேனேஜருக்கு மச்சான் இருக்கிறானா, அவனுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்டேன். சிரிக்கிறாள். சிரிப்பு பதில் ஆகாது.

கண்ணாடிக் கதவுக்கு வெளியே என் சம்சாரம் நிற்கிறாள். தெரு நேராகப் போய் முடிகிற இடத்தையே பார்க்கிறாள். அந்தக் கோடியில் ஒரு பெட்ரோல் பங்க். அதற்கு மேல் பார்வை போகாது. ஆனாலும் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

ஆகவே, இதைப் படிக்கிற ஐயாவோ அம்மாவோ, நீங்கள் யாராக இருந்தாலும் சரி, நான்காவது முடிவை நான் எழுதப்போவதில்லை. அது என் கையில் இல்லை, உங்கள் கையில் இருக்கிறது. பாதி எழுதி இடம் விட்டிருக்கிறேன்:

"விடிந்தது. எடைக்காரன் இன்னும் தூங்கிக்கொண்டிருந்தான். தையல்காரி எழுந்து போய்த் திரையை விலக்கினாள். ஜன்னலுக்கு வெளியே"

இத்தோடு நிறுத்துகிறேன். மிச்சத்தை நீங்கள் நிரப்புங்கள். பொய்யாக மட்டும் நிரப்பாதீர்கள். அவள் படிப்பாள்.

நீங்கள் நியாயமாகச் செய்வீர்கள் என்று நான் நம்பவில்லை. யாருக்குக் கொடுப்பது என்று எப்போதோ முடிவு செய்திருப்பீர்கள். மடித்துப் பெட்டியில் போடுகிறேன். கையை உள்ளே விட்டு, அடிவரைக்கும் போய்ச் சேர்ந்ததா என்று ஒரு தடவை பார்க்கிறேன். அப்புறம் போகிறேன். அவள் காத்துக்கொண்டிருக்கிறாள், செருப்புக் கடை ஆறு மணிக்கு மூடிவிடுவான்.