முனியாண்டி கோயிலில் ஒரு பந்தாட்ட மெஷின்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை மலேசியாவில், தம்பின் ஊர்ச் சந்தையான பசாரில், மீன் வாங்க நின்ற இடத்தில் திருடினேன். முன்னால் நின்ற ஆள் கைப்பேசியில் மனைவியிடம் கத்திக்கொண்டிருந்தான்: "ஒங்க அண்ணன் கேட்ட மெஷினத்தான் தேடி அலையிறேன்லா!"

எழுதிய முதல் வரி: 'ரப்பர் மரங்களுக்கிடையே பனி இறங்கிய காலையில் சசிதரன்...'

வேண்டாம். ரப்பரை வெட்டி எண்ணெய்க்குச் செம்பனை நட்டு எத்தனையோ வருடமாகிவிட்டது.

2

சசிதரனுக்கு ஐம்பது வயது. நீலாய் ஊர் ஃபேக்டரியில் சூப்பர்வைசர். அவன் தேடுவது, சிறுவயதில் ரப்பர் தோட்டத்துக் கடையில் இருபது காசு போட்டு ஆடிய பந்தாட்ட மெஷின். பதினான்கு வயதில், பக்கத்து வீட்டு மகேந்திரன் ஒரு கோல் முன்னால் இருந்தபோது, சசிதரன் காலால் பிளக்கைப் பிடுங்கிவிட்டான். (கரண்டு போய்விட்டது என்று சாதித்தான். முதல் பிரதியில் நானும் நம்பினேன்.)

அன்றிலிருந்து மகேந்திரன் பேசுவதில்லை. தன் தங்கை ரதியை இவன் கட்டிய பிறகும் பேசவில்லை.

இப்போது சசிதரன் மகளுக்குக் கல்யாணம். தாய்மாமன் மாலை போடாமல் பெண் மணவறை ஏறமாட்டாள் என்கிறாள் ரதி. மகேந்திரன் அனுப்பியது ஒரே ஒரு குரல் செய்தி: "அந்த ஆட்டத்த முடிச்சிட்டுத்தான் வருவேன். அதே மெஷின்ல."

3

மெஷின் பழைய தோட்டத்து முனியாண்டி கோயிலில் இருந்தது. கடையைக் காலி செய்தவர் மழைக்கு ஒதுக்கி வைத்துவிட்டுப் போனார். யாரோ திருநீறு பூசினார்கள். பிறகு எலுமிச்சம்பழம் வந்தது, சுருட்டும் வந்தது. (ஓடுமா என்று கேட்காதீர்கள். என் கதையில் ஓடும். கோயிலில்தான் கரண்டு இல்லை.)

"அக்கா, ஒரு வாரம் லோரில ஏத்திட்டுப் போயி திருப்பிக் கொண்டாந்துடுறேன்லா," என்றான் சசிதரன்.

"எங்கிட்ட ஏன் கேக்குற? சாமியக் கேளு," என்றார் பூசை பார்க்கும் பஞ்சாலை அக்கா.

பூக்கட்டிப் பார்ப்பதுதான் வழி. இரண்டு பொட்டலம்: சிவப்புப் பூ வந்தால் எடுத்துப் போகலாம், வெள்ளை வந்தால் கூடாது.

"நீயும் எடுக்கக்கூடாது, நானும் எடுக்கக்கூடாது. சம்பந்தமில்லாத ஆளக் கூட்டிட்டு வா."

காலியான தோட்டத்தில் ஆளுக்கு எங்கே போவது?

4

முடிவு அ: சிவப்பு. மகேந்திரன் மூன்று கோல் போட்டு ஜெயித்து, மாலையோடு... (சீரியல் நாற்றம். அடித்துவிட்டேன்.)

முடிவு ஆ: வெள்ளை. சசிதரன் வெறுங்கையோடு மகேந்திரன் வீட்டு வாசலில் நின்று, "கரண்டு போவலடா. நான்தான் பிடுங்குனேன்," என்று முப்பத்தாறு வருடத்தில் முதல்முறையாக...

இந்த இடத்தில் நிறுத்திவிட்டேன்.

5

இரண்டிலும் சிவப்பையே வைத்துக் கட்டிவிடலாமா என்று சசிதரனுக்குக் கை பரபரக்கிறது. பழைய புத்தி. என் கையும்தான். ஆகவே பஞ்சாலையே கட்டினார். நாங்கள் இருவரும் தள்ளி நிற்கிறோம்.

சம்பந்தமில்லாத ஆள் இங்கே நீங்கள் மட்டும்தான். பொட்டலங்கள் மெஷின்மேல் இருக்கின்றன. செருப்பைக் கழற்றிவிட்டு வந்து ஒன்றை எடுங்கள்.