கோணல் மரை

கடைக்காரன் எடுத்துப் போட்ட ஸ்பேனர்களை மெக்கானிக் ஒவ்வொன்றாக வாங்கி, சட்டைப் பையில் கொண்டுவந்திருந்த பழைய ஸ்பார்க் ப்ளக்கின் தலையில் மாட்டிப் பார்த்தான். எல்லாம் குழாய் மாதிரியான ப்ளக் ஸ்பேனர்கள். சில, தகரத்தைச் சுருட்டிச் செய்தவை. மாட்டி ஆட்டினால் கடகடவென்று ஆடின. அவற்றை ஒதுக்கி வைத்தான். கனமான ஒன்றின் உள்ளே ரப்பர் வளையம் இருந்தது. அது ப்ளக்கைக் கவ்விப் பிடித்துக்கொண்டது. கவிழ்த்து உலுக்கினான். விழவில்லை.

"இது போதும்," என்றான்.

"எத்தனை வேணும்?"

"வண்டி ஓட்டற பசங்க எல்லாருக்கும். கம்பெனிக்குத்தான். எங்க மேனேஜர் பேசுவாரு."

கடைக்காரன் ஸ்டூலைத் துடைத்துப் போட்டான். மெக்கானிக் உட்கார்ந்துகொண்டான். நீளமான திருப்புக் கம்பி, மெல்லிய கம்பி பிரஷ், ப்ளக் முனையின் இடைவெளியை அளக்கும் கேஜ் தகடு என்று கேட்டுக் கேட்டு வாங்கிப் பார்த்தான். கடைசியாக, கையால் அமுக்கினால் காற்றை ஊதும் ரப்பர் பந்து ஒன்றையும் எடுத்து வைத்தான்.

"ப்ளக்கு மாத்தறதுக்கு இது எதுக்கு?"

"கழட்டறதுக்கு முன்னாடி சுத்தி ஊதணும். இல்லேன்னா ரோட்டு மண்ணு அவ்வளவும் உள்ள போய் பிஸ்டனைத் தின்னுடும்."

காலையில்தான் மேனேஜர் அவனை அறைக்குள் கூப்பிட்டிருந்தார். பார்சல் கம்பெனியின் பின்பக்க ஷெட்டில் இத்தனை வருஷமாக இருசக்கர வண்டிகளைப் பார்த்துக்கொள்கிறவனுக்கு அந்த அறையில் நாற்காலி கிடைத்தது அதுதான் முதல் தடவை. "ஒரு ப்ளக்கு மாத்தறதுக்காக வண்டியை ஷெட்டுல போட்டுட்டு நிக்கிறானுங்க," என்றார் மேனேஜர். "வீட்டுலயே மாத்திக்கிட்டா காலையில நேரா வேலைக்கு வந்துடலாம். ஆளுக்கொரு டூல்ஸ் பெட்டி குடுக்கலாம்னு இருக்கேன். என்னென்ன வேணும்னு நீயே பார்த்து எடு. உன்னை விட்டா யாருக்குத் தெரியும்?"

அந்தக் கடைசி வார்த்தை நாள் முழுக்க அவனுக்குள் இனித்துக்கொண்டே இருந்தது. வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் சொன்னான். அவள் ஒரு ஹோட்டலின் சலவை அறையில் படுக்கை விரிப்புகளைத் தேய்த்து மடிப்பவள். விரல் நுனிகள் எப்போதும் சிவந்திருக்கும்.

"அவங்களே மாத்திக்கிட்டா, அப்புறம் உங்களுக்கு என்ன வேலை?" என்று கேட்டாள்.

"தலைவலி மாத்திரை போட்டுக்கிறவன் எல்லாம் டாக்டர் ஆயிடுவானா?" என்று சிரித்தான்.

அடுத்த வாரம் ஷெட்டு வாசலில் ஒரு வண்டியை நிறுத்தி எல்லாருக்கும் சொல்லிக் கொடுத்தான். நீலச் சட்டை போட்ட பையன்கள் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். முன்னால் உட்கார்ந்திருந்தவன் அவன் மச்சினன், மனைவியின் தம்பி. மெக்கானிக்தான் மேனேஜரிடம் நாலு நடை நடந்து அவனுக்கு அந்த வேலையை வாங்கிக் கொடுத்திருந்தான்.

"இன்ஜின் சூடா இருக்கும்போது கை வைக்காதீங்க. ஆற விடுங்க. புது ப்ளக்கை முதல்ல விரலாலதான் மரையில ஏத்தணும். ஸ்பேனரைக் கடைசியிலதான் தொடணும். ப்ளக்கு இரும்பு, அது ஏறுற இன்ஜின் ஹெட்டு அலுமினியம். ரெண்டுக்கும் சண்டை வந்தா சாகிறது அலுமினியம்தான்." வண்டியின் பக்கவாட்டில் குனிந்து விரலால் திருகிக் காட்டினான். "கோணலா ஏறுச்சுன்னா ஒரு சத்தம் வரும். பல்லை நறநறன்னு கடிக்கிற மாதிரி. அதைக் கேட்டதும் விட்டுடணும். மேல திருகினா மரை செத்துடும். அப்புறம் ப்ளக்கு என்னிக்கு வேணா தெறிச்சு வெளிய வரும்."

"எங்கக்கா உங்களைத் திட்டும்போது வருமே, அந்தச் சத்தமா மாமா?" என்றான் மச்சினன்.

எல்லாரும் சிரித்தார்கள். மெக்கானிக்கும் சிரித்தான்.

பெட்டிகள் வந்தபோது சிவப்பு பிளாஸ்டிக்கில் பார்க்க அழகாகத்தான் இருந்தன. ஒன்றைத் திறந்தான். தகரக் குழாய் ஒன்று, அதில் நுழைத்துத் திருப்ப ஒரு கம்பி. அவ்வளவுதான். பிரஷ் இல்லை, கேஜ் இல்லை, ரப்பர் பந்து இல்லை. குழாயை இரண்டு விரல்களால் அமுக்கினான். நசுங்கியது.

பெட்டியை எடுத்துக்கொண்டு மேனேஜரிடம் போனான். இந்தத் தடவை அவர் உட்காரச் சொல்லவில்லை.

"நான் எடுத்தது இது இல்லீங்களே சார்."

"எல்லாம் ஒண்ணுதான்ப்பா. சுத்தினா சுத்தப்போவுது." அவர் போனைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அப்புறம், ஷெட்டை எடுத்துட்டு பார்சல் வைக்க இடம் பண்ணப்போறோம். பெரிய ரிப்பேர்னா வெளிய குடுத்துக்கலாம்னு மேலிடத்துல சொல்லிட்டாங்க. நீ இந்த மாசம் வரைக்கும் வா."

மெக்கானிக்குக் காதில் விழுந்தது, புரியவில்லை. நின்றுகொண்டே இருந்தான்.

"நீதான் எல்லாருக்கும் நல்லா சொல்லிக் குடுத்துட்டியே," என்றார் மேனேஜர்.

ஷெட்டைக் காலி செய்த அன்று பையன்கள் யாரும் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. பார்சல்களைக் கட்டிக்கொண்டு, பெட்டியை சீட்டுக்கு அடியில் திணித்துக்கொண்டு கிளம்பினார்கள். மெக்கானிக் வேறு ஷெட்டுகளில் கேட்டுப் பார்த்தான். வயது அதிகம் என்றார்கள், ஆள் இருக்கிறது என்றார்கள். கடைசியில் காய்கறி மார்க்கெட்டில் மூட்டை இறக்கும் வேலைதான் கிடைத்தது. இன்ஜின் சத்தத்தை வைத்தே நோயைச் சொல்கிறவனுக்கு அங்கே முதுகு மட்டும்தான் தேவைப்பட்டது. அதுவும் சீக்கிரமே வலிக்கத் தொடங்கியது.

கொஞ்ச நாளில் அதே பையன்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். "அண்ணே, அந்த டப்பா ஸ்பேனர் வழுக்கிக்கிட்டே இருக்குண்ணே. கொஞ்சம் கழட்டிக் குடுங்கண்ணே." முதலில் செய்துகொடுத்தான். பிறகு, வண்டி சத்தம் கேட்டாலே கதவைச் சாத்த ஆரம்பித்தான்.

ஒரு சாயங்காலம் மச்சினன் வந்தான். வண்டி தூரத்திலிருந்தே விட்டுவிட்டு இருமிக்கொண்டு வந்தது. பின்னால் இன்னும் கொடுக்காத பார்சல்கள் கட்டியிருந்தன. மனைவி வேலையிலிருந்து வரவில்லை. மெக்கானிக் தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டு அப்போதுதான் உட்கார்ந்திருந்தான். சுவரில் சாய்ந்தால்தான் முதுகு தாங்கியது.

"மாமா, ப்ளக்கு அடைச்சுக்கிச்சு. புது ப்ளக்கு கையில இருக்கு. கொஞ்சம் மாட்டிக் குடுங்க மாமா, இதெல்லாம் குடுத்து முடிக்கலேன்னா மேனேஜர் கத்துவாரு."

"நீயே போட்டுக்கோ."

"அந்தத் தகரத்தை வெச்சுக்கிட்டு எப்படிப் போடறது?"

"முன்னாடி உக்காந்து சிரிச்சுச் சிரிச்சுக் கத்துக்கிட்டியே. அப்ப தெரியலையா?"

மச்சினன் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். "நானா மாமா உங்களை வேலையை விட்டு எடுத்தேன்?"

மெக்கானிக் சோற்றைப் பிசைந்தான். மச்சினன் போய், சீட்டுக்கு அடியிலிருந்து பெட்டியை எடுத்தான்.

சுவருக்கு அந்தப் பக்கம் நடப்பதெல்லாம் கேட்டது. தகரக் குழாய் வழுக்கி இன்ஜினில் இடித்தது. கை சுட்டிருக்க வேண்டும், ஒரு கெட்ட வார்த்தை வந்தது. வாயால் மண்ணை ஊதினான். பழைய ப்ளக் கழன்று தரையில் விழுந்தது. பிறகு அந்தச் சத்தம் வந்தது, பல்லைக் கடிக்கிற மாதிரி.

மெக்கானிக்கின் கை சோற்றில் நின்றது.

இன்னொரு தடவை வந்தது, இன்னும் நீளமாக. எழுந்திருக்கக் காலை மடக்கினான். முதுகு இழுத்துப் பிடித்தது. மடக்கிய காலை மறுபடி நீட்டிக்கொண்டான். வெளியே வண்டி ஸ்டார்ட் ஆனது. இருமல் இல்லை. "பார்த்தீங்களா, போட்டுட்டேன். வரேன் மாமா," என்று மச்சினன் வாசலிலிருந்து குரல் கொடுத்தான். மெக்கானிக் சோற்றை வாயில் வைத்தான்.

மறுநாள் மத்தியானம் மேம்பாலத்தின் ஏற்றத்தில், நெரிசலுக்கு நடுவே, ப்ளக் வெடிச்சத்தத்தோடு தெறித்து வெளியே வந்தது. வண்டி அந்த இடத்திலேயே செத்து நின்றது. பின்னால் வந்த வேன்காரனுக்குப் பிரேக் பிடிக்க இடம் இல்லை. கீழே விழுந்தவனின் வலது கை சக்கரத்துக்கும் பாலத்துச் சுவருக்கும் நடுவில் போனது. ஆஸ்பத்திரியில் கட்டை விரலையும் சுண்டு விரலையும் விட்டுவிட்டு மற்ற மூன்று விரல்களையும் எடுத்துவிட்டார்கள்.

மனைவி லீவு கிடைக்காமல், வேலை முடிந்ததும் ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். தம்பிக்கு ஊட்டிவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தாள். "ரோட்டுல யாரோ ப்ளக்கைப் பார்த்தாங்களாம். புதுசு மாதிரியே இருந்துச்சாம்," என்றாள். மெக்கானிக் முதுகுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தான். அவன் நிமிரவில்லை.

ஆஸ்பத்திரிச் செலவைக் கம்பெனி ஏற்க வேண்டும் என்று பையன்கள் சிலர் சேர்ந்து கேட்டார்கள். தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி விசாரிக்க வந்தார். மெக்கானிக்கையும் கூப்பிட்டு ஆள் வந்தது. மனைவி அவன் சட்டையை விறைப்பாகத் தேய்த்துக் கொடுத்தாள்.

"உங்களை எதுக்குக் கூப்பிடறாங்கன்னு தெரியல. தம்பிக்காக நல்லதா நாலு வார்த்தை பேசிட்டு வாங்க," என்றாள்.

மேனேஜர் வராந்தாவிலேயே அவன் தோளில் கை போட்டார். "ஸ்டோர்ல ஒரு ஆள் வேணும். மூட்டை தூக்கற வேலை இல்ல, உக்காந்து செய்யறது. உன் நெனப்புதான் வந்துச்சு. உள்ள பொய்யெல்லாம் சொல்ல வேணாம். உண்மையைச் சொன்னாப் போதும்."

உள்ளே மச்சினன் உட்கார்ந்திருந்தான். கட்டுப் போட்ட கை மடியில் கிடந்தது. மாமாவைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"ப்ளக்கு ஏன் தெறிச்சுது?" என்று அதிகாரி கேட்டார்.

"மரையில கோணலா ஏத்தியிருக்கான் சார்."

"நீங்க பார்த்தீங்களா?"

"பார்க்கல. சத்தம் கேட்டுச்சு. எங்க வீட்டு வாசல்லதான் மாட்டினான். நான் உள்ள சாப்பிட்டுக்கிட்டு இருந்தேன்."

"அப்படி மாட்டக் கூடாதுன்னு அவருக்குச் சொல்லிக் குடுத்திருக்கா?"

"நான்தான் சொல்லிக் குடுத்தேன்."

"டூல்ஸ் எப்படி? யார் செலக்ட் பண்ணது?"

"இவருதான் சார்," என்றார் மேனேஜர். "கடைக்கே போய், மாட்டிப் பார்த்து எடுத்துட்டு வந்தாரு. அனுபவஸ்தர்."

அதிகாரி மெக்கானிக்கைப் பார்த்தார். மெக்கானிக் வாயைத் திறந்தான். முதுகு எரிந்தது. அறையில் நாற்காலி ஒன்று காலியாக இருந்தது. யாரும் உட்காரச் சொல்லவில்லை, அவனாகவே அதன் முதுகைப் பிடித்துக்கொண்டான்.

"ஆமா சார்," என்றான்.

"கேட்டுச்சா மாமா?" என்றான் மச்சினன். குரலில் கோபம் இல்லை. மணி என்ன என்று கேட்பது போலக் கேட்டான். "நறநறன்னு வந்துச்சே, அது உங்களுக்கு உள்ள கேட்டுச்சா?"

அதிகாரி பேனாவை மூடினார்.

மனைவிக்குத் தம்பியே சொல்லியிருக்க வேண்டும். அன்றைக்கு அவள் தட்டைக் கொண்டுவந்து வைத்தாள், சோற்றைப் போட்டாள், செருப்பை மாட்டிக்கொண்டு தம்பி வாடகைக்கு இருந்த அறைக்குப் போய்விட்டாள். துணிகளை எடுக்க மறுநாள் வந்தபோதும் அவனிடம் ஒன்றும் பேசவில்லை.

ஸ்டோர் வேலை மேனேஜர் சொன்னபடியே உட்கார்ந்து செய்கிற வேலைதான். ஜன்னலுக்கு உள்பக்கம் இருந்துகொண்டு, வேலைக்குச் சேருகிறவர்களுக்குச் சாமான்கள் கொடுக்க வேண்டும், போகிறவர்களிடம் திரும்ப வாங்க வேண்டும். தப்பு தன்மேல் என்று முடிவாகி வேலை போன மச்சினன் முதல் வாரத்திலேயே வந்தான். ஹெல்மெட்டையும் பையையும் சிவப்புப் பெட்டியையும் இடது கையாலேயே ஒவ்வொன்றாக எடுத்து வைத்தான்.

மெக்கானிக் குனிந்து அவற்றை வாங்கிக்கொண்டான். "சாப்பிட்டியா?" என்று கேட்டான்.

அந்தப் பக்கமாக வந்த மேனேஜர் நின்றார். "சட்டை?"

"வேற சட்டை கொண்டுவரல சார். துவைச்சு நாளைக்குக் குடுக்கறேன்."

"கம்பெனி பேர் போட்ட சட்டைப்பா. வேலையில இல்லாதவன் அதைப் போட்டுக்கிட்டு ரோட்டுல போகக் கூடாது. குடுத்துட்டுப் போ." மேனேஜர் போய்விட்டார்.

மச்சினன் இடது கையால் மேல் பொத்தானைப் பிடித்துத் திருகினான். அது கழன்றது. அடுத்தது துணியோடு சேர்ந்து இழுபட்டது, வரவில்லை. திரும்பத் திரும்ப முயன்றான். நெற்றியில் வியர்த்தது. மெக்கானிக் ஜன்னலோரத் தடுப்புப் பலகையைத் தூக்கிவிட்டு வெளியே வந்தான். மச்சினன் கையைத் தொங்கவிட்டு, அவன் முகத்தைப் பார்க்காமல் நின்றான். மெக்கானிக் ஒவ்வொரு பொத்தானாகக் கழற்றினான். சட்டையின் வலது கை துணிக்கட்டில் சிக்கியது. சட்டைக் கையின் வாயை விரித்துப் பிடித்து, வலிக்காமல் மெல்ல உருவினான்.

பனியனோடு மச்சினன் முற்றத்தைக் கடந்து போனான். கட்டுப் போட்ட கையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தான். வண்டிகளை முறுக்கிக்கொண்டிருந்த பையன்கள் அவனுக்கு வழி விட்டார்கள்.

புதிதாக வேலைக்குச் சேர வந்திருந்த ஒருத்தன் ஜன்னல் அருகே காத்திருந்தான். "எனக்கும் இந்த சைஸுதாண்ணே சரியா இருக்கும்," என்றான். அலமாரியில் வேறு சட்டை இல்லை. மெக்கானிக் உடம்புச் சூடு ஆறாத அந்தச் சட்டையை விரித்து, அவன் தோளில் வைத்து அளவு பார்த்தான்.