ஆறு வாரம் பிடிக்கும் பீர்

அத்திலியோவுக்குப் பீரே பிடிக்காது. நாற்பது வருஷமாகச் சாப்பாட்டோடு ஒரு தம்ளர் சிவப்பு ஒயின், அதிலும் பாதி சோடா. அப்படிப்பட்ட மனுஷன், எங்கள் பக்கத்தில் குளிர்காலம் தொடங்குகிற ஜூன் மாதத்தில் ஒரு சனிக்கிழமை, "கிழவி, கோட்டைப் போட்டுக்க. பீர் காய்ச்சற சாமான் வாங்கப் போறோம்" என்றபோது, இவருக்குப் புத்தி பிசகிவிட்டது என்றுதான் நினைத்தேன்.

எங்கள் ஊர் அசூலில் அந்த வருஷம் வேலை போனவன் எல்லாம் பீர் காய்ச்சினான். எனக்குக் கல்யாணமான புதிதில் வேலை போனவர்கள் பேடல் என்கிற மட்டை விளையாட்டுக்கு மைதானம் போட்டார்கள். அப்புறம் எல்லாரும் வாடகைக் கார் ஓட்டினார்கள். இப்போது பீர். தெருவுக்கு இரண்டு பேர் தாடியை வளர்த்துக்கொண்டு வாளியும் கையுமாக அலைந்தார்கள். கடை வைத்திருந்த கஸ்தோனும் அந்தக் கூட்டம்தான். எங்கள் மகன் லிசாண்ட்ரோவும் அவனும் பட்டறையிலிருந்து ஒரே நாளில் வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்கள்.

"புதுசா ஆரம்பிக்கறவங்களுக்கு இது போதும், பெரியவரே" என்று ஒரு அட்டைப்பெட்டியைப் பிரித்து மேசைமேல் பரப்பினான் கஸ்தோன். மூடியில் ஓட்டை போட்ட வெள்ளை வாளி, இருபது லிட்டர். அடியில் குழாய். காற்று வெளியே போகும், உள்ளே வராது என்று ஒரு பிளாஸ்டிக் குமிழ். சாற்றின் அடர்த்தி எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்க்க ஒரு கண்ணாடி மிதவை, வெப்பமானி, மால்ட் என்கிற முளைகட்டிய பார்லித் தூள், அதைப் புளிக்கவைக்க ஒரு பொட்டலம் ஈஸ்ட். பிரசவ ஆஸ்பத்திரிக்குக் கட்டிய பை மாதிரி இருந்தது எனக்கு.

அத்திலியோ எதையும் தொட்டுப் பார்க்கவில்லை. "மொத்தம் எத்தன நாள் ஆகும்?" என்றார்.

"வாளில மூணு வாரம், பாட்டில்ல மூணு வாரம். ஆறு வாரம் வெச்சுக்கங்க. கொஞ்சம் அவசரம்னா..."

"அவசரமெல்லாம் இல்ல. இழுத்தா எவ்வளவு நாள் இழுக்கும்?"

கஸ்தோன் என்னைப் பார்த்தான். நான் கூரையைப் பார்த்தேன். "எல்லாரும் எப்ப குடிக்கலாம்னுதான் கேப்பாங்க. எவ்வளவு லேட்டாகும்னு கேக்கற மொத ஆள் நீங்கதான்."

"கேட்டதுக்குப் பதில் சொல்லுடா."

"குளிர்தான் இதுக்கு எமன். பதினஞ்சு டிகிரிக்குக் கீழ போச்சுன்னா ஈஸ்ட் படுத்துடும். சாறு அப்படியே நிக்கும். கம்பளி சுத்தி வெச்சுத் திரும்ப எழுப்பணும். நம்ம ஊரு ஜூலைல போர்த்தாம விட்டீங்கன்னா கிறிஸ்துமஸுக்குத்தான் குடிப்பீங்க."

"கட்டு, எடுத்துக்கறேன்" என்றார் அத்திலியோ. பேரம்கூடப் பேசவில்லை.

தெருவுக்கு வந்ததும் கேட்டேன். "என்ன திட்டம் உங்களுக்கு?"

"ஆரம்பிச்ச வேலைய நம்ம பையன் பாதில விட்டுட்டுப் போனதுண்டா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. லிசாண்ட்ரோவின் கூட்டாளி ரமீரோ கடல் தாண்டி வலென்சியாவில் ஆரஞ்சுக் கிடங்கில் இருந்தான். "ஒரு கட்டிலும் ஒரு வேலையும் பிடிச்சு வெச்சிருக்கேன், வா" என்று வாரா வாரம் கூப்பிட்டான். அங்கே போய் வேலை பார்க்க லிசாண்ட்ரோவிடம் இத்தாலியப் பாஸ்போர்ட் இருந்தது. இத்தாலியில் பிறந்த தாத்தாவின் பிறப்புச் சான்றிதழைத் தேடி அலைந்து, வரிசையில் நின்று, அதை வாங்கிக் கொடுத்ததே இவர்தான். 'எதுக்கும் இருக்கட்டும்' என்று வாங்கினார். தானே திறந்து வைத்த கதவை இப்போது வாளியை வைத்து அடைக்கப் பார்க்கிறார். அந்தத் தெருவிலேயே இரண்டு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் பெட்டியின் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.

மறுநாளே காய்ச்சினார்கள். ஐந்து மாதமாகச் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்த பிள்ளை, என் பெரிய பானையின் முன் கரண்டியோடு நின்று சிரித்தான். இருபத்தொன்பது வயது ஆண்மகன் மால்ட் சாறு பொங்கி அடுப்பை அணைத்ததற்கு அப்படிச் சிரித்தால் பெற்றவள் என்ன செய்வாள்? நானும் சிரித்தேன். மிதவையைப் போட்டுப் பார்த்து, ஒரு பள்ளிக்கூட நோட்டில் எழுதினான். "ஆயிரத்து அம்பதுல நிக்குது. ஆயிரத்துப் பன்னெண்டுக்கு எறங்கினா பாட்டில்ல ஊத்திடலாம். ஊத்திட்டு நான் கெளம்பறேம்ப்பா."

"கெளம்பு, யாரு வேணாங்கறா" என்றார் அத்திலியோ.

சமையலறைக்குப் பின்னால், தகரக் கூரை போட்ட துணி துவைக்கும் அறையில் வாளியை வைத்தார்கள். லிசாண்ட்ரோ அதைக் கம்பளியால் இரண்டு சுற்றுச் சுற்றினான். குமிழ் குளுக் குளுக் என்று பேச ஆரம்பித்தது.

எங்கள் ஊரில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நான்கு மணிவரை நாய்கூடக் குரைக்காது. எல்லாக் கதவும் சாத்தியிருக்கும். அந்த நேரத்தில் அத்திலியோ கட்டிலைவிட்டு எழுந்து, காலுறையோடு பின்பக்கம் போவார். கம்பளியை உரித்துவிட்டு, ஜன்னலை ஒரு விரற்கடை திறந்துவிட்டு வந்து என் பக்கத்தில் படுத்துக்கொள்வார். கால் இரண்டும் ஐஸ்கட்டியாக இருக்கும். எல்லாரும் எழுவதற்குள் போய் மறுபடி போர்த்திவிடுவார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வித்தை. நான் தூங்குகிற மாதிரி கிடப்பேன்.

மிதவை ஆயிரத்து முப்பதில் நின்றுவிட்டது. குமிழும் வாயை மூடிக்கொண்டது. ஜூலை முழுக்க அதே முப்பதுதான். லிசாண்ட்ரோ அக்கம்பக்கத்தில் லிட்டர் பாட்டில்களாக வாங்கி வந்து, ஊறவைத்து, லேபிளைச் சுரண்டி, கழுவிக் கவிழ்த்து வைத்தான். கஸ்தோனைக்கூடக் கூட்டிவந்து காட்டினான்.

"குளுரு படுதோ என்னவோ" என்றான் கஸ்தோன், அத்திலியோவைப் பார்த்தபடி.

"நாங்க நல்லாத்தான் போர்த்தறோம்" என்றார் அத்திலியோ. என்ன தைரியம் பாருங்கள்.

எனக்கு அவர்மேல் கோபம் வந்ததா என்றால், வரவில்லை. ஒவ்வொரு நாளும் காலையில் மகனுக்குக் காப்பி போட்டுக் கொடுக்க முடிந்தது. அது எனக்குப் போதுமாயிருந்தது.

ஆகஸ்ட் கடைசியில் ரமீரோவிடமிருந்து செய்தி. மேஸ்திரி செப்டம்பர் ஒன்றாம் தேதிவரைதான் பொறுப்பாராம். அதற்குமேல் அந்த இடம் வேறொருவனுக்கு. ஒன்பது நாள் இருந்தது. "இந்த வாரம் ஊத்தினாலும் சரி, ஊத்தாட்டியும் சரி, கெளம்பிடுவேம்மா" என்றான் லிசாண்ட்ரோ. அத்திலியோவுக்கு அந்த நேரம் பார்த்துக் கடைவாய்ப்பல் ஈறு வீங்கியது. பிடுங்கிக்கொண்டு வந்து, வாயில் பஞ்சோடு இரண்டு நாள் மாத்திரை மயக்கத்தில் படுத்துவிட்டார். கம்பளியை உரிக்க ஆளில்லை.

இரண்டாம் நாள் மதியம் படுத்திருந்தேன். பின்பக்கமிருந்து கேட்டது. குளுக். கொஞ்சம் பொறுத்து இன்னொரு குளுக்.

பெற்ற வயிறு என்பது பெரிய அயோக்கியத்தனம். எழுந்து போனேன். அத்திலியோவின் கை எப்படிச் செய்யுமோ அப்படியே என் கை செய்தது. கம்பளியை உருவி, ஜன்னலைத் திறந்தேன். போதாது என்று வாளியை இழுத்து ஜன்னலுக்குக் கீழேயே தள்ளினேன். நிமிர்ந்தால் வாசலில் லிசாண்ட்ரோ.

அவன் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தி, விஷயம் அன்றே ஒரு வழியாக முடிந்திருக்கும்.

"அப்பா கம்பளிய எடுக்கறது எனக்கு மொத வாரத்துலயே தெரியும்மா" என்றான். "எடுத்துட்டுப் போகட்டும்னு விட்டேன். ரெண்டு மாசம் அவருக்குன்னு குடுத்துட்டுப் போலாம்னு இருந்தேன். அவருக்கு நான் கூட இருக்கணும். உனக்கு நான் நல்லா இருக்கணும்னு நெனச்சேன்."

'போடா கண்ணா, நாளைக்கே போ' என்று சொல்ல எவ்வளவு மூச்சு வேண்டும்? சொல்லியிருந்தால் போயிருப்பான். அதற்காகத்தான் அங்கேயே நின்றான் என்று இப்போது தெரிகிறது.

"கம்பளி ஈரமா இருந்துச்சு. காயப் போடலாம்னு எடுத்தேன்" என்றேன்.

அவன் என் கையிலிருந்து கம்பளியை வாங்கித் தொட்டுப் பார்த்தான். காய்ந்துதான் இருந்தது. "சரிம்மா" என்றான். வாளியை ஜன்னலிலிருந்து இழுத்து, போர்த்திவிட்டு உள்ளே போனான்.

மறுநாள் காலையில் காப்பி குடிக்கும்போது சொன்னான். "ரமீரோகிட்ட அந்த எடத்த வேற ஆளுக்குக் குடுத்துடச் சொல்லிட்டேன். நீங்க ரெண்டு பேரும் இப்படி நிக்கறப்ப நான் எப்படிப் போறது?" அத்திலியோ பஞ்சு வைத்த வாயோடு அழுதார். நான் ரொட்டி வெட்டினேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, கடவுள் என்னை மன்னிக்கமாட்டார்.

பீர் ஐந்தே நாளில் பன்னிரண்டுக்கு இறங்கியது. அக்டோபரில் முதல் பாட்டிலைத் திறந்தோம். கெட்டுப் போயிருக்கும் என்று நினைத்தேன், நன்றாகவே இருந்தது. பீர் பிடிக்காத அத்திலியோ இரண்டு தம்ளர் குடித்துவிட்டுத் தெருவெல்லாம் பெருமையடித்தார். அடுத்த சனிக்கிழமையே இன்னொரு மால்ட் பொட்டலத்தோடு வந்தார்.

இப்போது மூன்றாவது வாளி ஓடுகிறது. வேலை எதுவும் வரவில்லை, வரப்போவதும் இல்லை. லிசாண்ட்ரோ நோட்டில் எழுதுவதை நிறுத்திவிட்டான். காலை பதினோரு மணிக்கு முதல் பாட்டிலைத் திறக்கிறான். முகம் ஊதிவிட்டது. குளிப்பதற்குக்கூட நான் சொல்ல வேண்டும். அத்திலியோவுக்கு இது எதுவும் கண்ணில் படாது. மகன் வீட்டில் இருக்கிறான், மதியம் நிம்மதியாகக் குறட்டை விடுகிறார்.

போன ஞாயிற்றுக்கிழமை அவர் அப்படித் தூங்கும்போது முற்றத்தில் போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். மாதக்கணக்கில் நெஞ்சில் அடைத்திருந்ததைச் சொல்லிவிட்டேன். "நீ போடா. இப்பவாவது போ. அப்பாவ நான் பாத்துக்கறேன். நானே சொல்றேன், போ."

அவன் அடிமண்டி கலங்காமல் மிச்சத்தை என் தம்ளரில் ஊற்றினான்.

"எங்கேம்மா?" என்றான்.

குத்திக்காட்டவில்லை, கோபமும் இல்லை. வழி தெரியாதவன் தெருவில் நின்று கேட்கிற மாதிரி கேட்டான். யோசித்துப் பார்த்தேன். எனக்கு ஒரு ஊர் பெயர்கூட வாயில் வரவில்லை.